நான்காவது கால்

நிரோஷா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, மேசையில் பூட்டியிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கின் மேல் துவாய் போர்த்தியிருந்தது. அலுமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல துவாய். நான்கு மூலையும் சமமாகத் தொங்கும்படி, இனிமேல் எடுக்கப்போவதில்லை என்று முடிவெடுத்த ஒரு பொருளை மூடுவதுபோல் மூடியிருந்தான் அவள் கணவன் கணேஸ். அவன் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஓட்டவில்லையா என்று கேட்டாள். போர் அடிக்கிறது என்று திரும்பாமலே சொன்னான். இதோடு மூன்று வாரம். முதல் வாரம் அரை மணி நேரத்தில் எழுந்தான். இரண்டாம் வாரம் பத்து நிமிடத்தில். இந்த வாரம் துவாய் வந்துவிட்டது.

கணேஸ் இருபத்தொரு வருடம் கண்டி மஹியங்கனை பஸ் ஓட்டியவன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் விடிய எடுத்தால் திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடதும்பர என்று ஏறி, அந்தப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்கி, ஹஸலக்கையைத் தாண்டி மஹியங்கனையில் கொண்டுபோய் நிறுத்துவான். றோட்டை அகலமாக்கிய பிறகு வளைவில் ஒன்று குறைந்துவிட்டது என்கிறார்கள். பேர் மட்டும் பதினெட்டாகவே இருக்கிறது. அந்த வருடங்களில் அவன் வண்டியில் ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதை அவன் தானாகச் சொல்லமாட்டான். மற்றவர்கள் சொன்னால் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குப் பாரிசவாதம் வந்ததுகூட அப்படித்தான். மஹியங்கனையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசி ஆள் மூட்டையோடு இறங்கிய பிறகு, தேத்தண்ணிக் கடையில் கோப்பையை எடுக்கும்போது இடது பக்கம் விழுந்தது. உடைந்தது கோப்பை ஒன்றுதான்.

கால் மூன்று மாதத்தில் தேறிவிட்டது. கைதான் வரவில்லை. நம் நாட்டு வண்டிகளில் கியர் இடது கையில் இருக்கிறது. பேராதனை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ் ஒரு றப்பர் பந்தைத் தந்து ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அமுக்கச் சொன்னார். கணேஸ் இரண்டு நாள் அமுக்கினான். மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அடுத்த தடவை போனபோது நிரோஷா அதை மறைக்காமல் சொன்னாள். மிஸ் கோபிக்கவில்லை. கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை எதையாவது கொடுத்துப் பாருங்கள், அதைக் கை மறந்திருக்காது என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது முழு வழியும் நிரோஷா சாரதியின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசின் திருத்துகிறவள். ஒன்பது வருடம் தைத்தவள்தான். தன் மெசின் நின்றால் திருத்துகிற ஆள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவன் வருமுன் தானே சரிசெய்துவிட்டாள். முதலில் திட்டினார்கள். பிறகு பக்கத்து மெசின்காரியும் அவளைக் கூப்பிட்டாள், அதற்கடுத்த வரிசைக்காரியும் கூப்பிட்டாள். இப்போது ஆறு மெக்கானிக்குகளில் அவள் ஒருத்தி மட்டும் பெண். கைவேலை தெரிந்த ஆண்களை பாஸ் என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். தொழிற்சாலைப் பெண்கள் அவளை பாஸ் அக்கா என்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே மாதிரி. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு எடுப்பதுபோல் குனிந்து சிரித்தாள்.

அதனால் கணினி ஒன்றை அவளே பூட்டுவது என்று தீர்மானித்தபோது அவளுக்குப் பெரிதாகப் பயம் இருக்கவில்லை. ஸ்டியரிங்கும் கியரும் மிதிகளும் வைத்து வண்டி ஓட்டுகிற விளையாட்டுகள் இருக்கின்றன என்று தொழிற்சாலையில் ஒருத்தி கைபேசியில் காட்டியிருந்தாள். கடையில் பூட்டி விற்கிற பெரிய மெசின் கைக்கு எட்டாது. துண்டு துண்டாகச் சேர்த்தால் எட்டும். ஒன்பது மாதம் சேர்த்தாள். ப்ராசஸரும் மதர்போட்டும் கண்டி டவுனில். ஸ்டியரிங்கும் கியரும் கட்டுகஸ்தோட்டையில், வெளிநாட்டுக்குப் போகவிருந்த ஒருவரிடம். கிராபிக்ஸ் காட் திகனயில் லாபிர் நானாவின் கடையில், ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. எல்லாம் சேர்ந்ததும் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் மேசையில் பழைய சேலையை விரித்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காலையில் தொடங்கிப் பின்னேரம் முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே மின்விசிறி சுற்றிய சத்தம் கேட்டது. மெசின் தன் பெயரைத் திரையில் எழுதியது. கணேஸ் கை தட்டப் பார்த்தான். ஒரு கை சரியாக வராததால் தொடையில் தட்டினான். மறுநாள் தொழிற்சாலையில் மத்தியானம்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொன்னாள்.

யாரோ சில பேர் பொழுதுபோக்குக்காக ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஹஸலக்க வரைக்குமான றோட்டை அப்படியே செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கணேஸ் முதலில் அதைத் தொடவில்லை. விளையாட்டில் வருகிற ஏதோ ஒரு டவுனில், சமதரையில், ஐந்து நிமிடம் ஓட்டுவான். கை களைத்துவிடும். பிறகு எட்டு நிமிடம் ஓட்டினான், பிறகு பத்து. கியர்க் குமிழைப் பிடிக்க முதலில் வலது கையால் இடது கையைத் தூக்கி வைப்பான். ஒரு மாதத்தில் கை தானாகப் போனது. ஒருநாள் காலை அவன் சட்டைப் பொத்தானை இரண்டு கையாலும் போடுவதை நிரோஷா கண்ணாடியில் பார்த்தாள். கேட்டால் நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் ஹுன்னஸ்கிரிய றோட்டை எடுத்தான். அன்று அவன் போட்ட சத்தத்தில் அவள் குசினியிலிருந்து ஓடிவந்தாள். வழியில் தான் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற கடை, தகரக் கூரையோடு, அதே இடத்தில் இருப்பதாகத் திரையைக் காட்டினான். அந்த றோட்டை எடுத்த இரண்டாம் வாரத்திலிருந்துதான் போர் அடிக்கத் தொடங்கியது.

துவாயைப் பார்த்த மறுநாள், அவன் கடைக்குப் போயிருந்த நேரம் அவள் மெசினைப் போட்டுத் தானே உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. மலை றோட்டில் இருநூறு மீற்றர் போவதற்குள் பஸ்ஸை றோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் இறக்கினாள். சமதரை டவுனுக்கு மாறி ஐந்தாறு நிமிடம் சுற்றினாள். படம் தண்ணீர்போல் ஓடியது. ஒரு குறையும் இல்லை. மெசினை அணைத்துவிட்டு அவள் கதிரையில் அப்படியே இருந்தாள். மெசினில் குறை இருந்தால் அவளுக்கு என்ன செய்வது என்று தெரியும். மெசினில் இல்லையென்றால்? ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், பார்வையில், பேச்சில், நடையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றிருந்தார். அன்று பின்னேரம் அவன் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பையின் வாயையே கவனித்தாள். ஒரு துளி வெளியே போகவில்லை. மூன்று தடவை ஏதோ சாட்டில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். பேச்சும் சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். சாப்பிட்டு முடித்ததும் துவாயை எடுத்து மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் போட்டாள்.

"எனக்கு ஒருக்கா மஹியங்கனைக்குப் போகணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

கணேஸ் அவளையும் கதிரையையும் பார்த்தான். முன் சீட்டில் ஆள் ஏறிவிட்ட பிறகு வண்டி போகாது என்று சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வந்து உட்கார்ந்தான். ஹுன்னஸ்கிரியவில் எடுத்தான். உடதும்பர வரைக்கும் அவன் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமான புதிதில் இதேபோல் முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை போயிருக்கிறாள். அப்போது றோட்டைத்தான் பார்த்தாள். இப்போது கையைப் பார்த்தாள். குமிழை நோக்கிப் போகும், தொடும், விரல்கள் ஒவ்வொன்றாக மூடும், இழுக்கும். நேரம் எடுத்தது. ஆனால் அவன் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து, முன்கூட்டியே கையை அனுப்பினான். மலை திறந்து, கீழே தூரத்தில் சமவெளி தெரிந்தது. முதலாம் வளைவு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் அவன் ஸ்டியரிங்கை ஒடிக்கும் நேரத்தில் திரை நின்றது. கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு படம் குதித்து, நின்று, மறுபடி குதித்தது. பஸ் மதிலில் ஏறி நின்றது.

கணேஸ் உடனே இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குனிந்து தன் இடது கையைப் பார்த்தான்.

"படம் நின்னுச்சு," என்றாள் அவள்.

அவன் நிமிரவில்லை.

"படம் நின்னு, பொறகு குதிச்சு ஓடுச்சு. நீங்க பாக்கலயா?"

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை.

"ஒனக்கும் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சே. நல்லாத் தெரிஞ்சிச்சு."

"நான் என் கண்ணுலதான்னு நெனச்சேன்," என்றான். பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். வளைவுக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. தலைக்குள் ஏதோ விட்டு விட்டு வருகிறது என்று நினைத்தான். அவளிடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள், அங்கே படம் பிடித்துப் பார்த்து மறுபடி வந்துவிட்டது என்று சொல்வார்கள். மூன்று வாரமாக அதை வைத்துக்கொண்டு சோறாக்கி, துணி துவைத்து, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறான். அவளுக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது. அதே நேரம் எழுந்து நின்று சிரிக்கவேண்டும்போலவும் இருந்தது. இத்தனை வருடத்தில் நின்றுபோன மெசின் முன்னால் நிற்கும்போதெல்லாம், பெரிய பழுதாக இருக்கக்கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறாள். மெசின் பழுதாகத்தான் இருக்கவேண்டும் என்று வேண்டியது அன்றைக்குத்தான்.

தொழிற்சாலையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. தையல் விட்டுப்போனால் ஊசியையும் நூலையும் ஒரே நேரத்தில் மாற்றமாட்டாள். ஒன்றை மாற்றி, தைத்துப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் மெசின் ஓடும், ஆனால் எது பிழை என்று தெரியாது. அன்றே ஒரு புதுக் கொப்பியை எடுத்தாள். ஐந்து நிமிடத்தில் குறை இல்லை, பத்து நிமிடம் தாண்டினால் குறை என்று முதல் வரியை எழுதினாள். எழுதிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கணேஸின் கை ஐந்து நிமிடத்தில் களைத்த காலத்தில் இந்தப் பழுது வெளியே வர வழியே இருக்கவில்லை. கை தேறித் தேறிப் பத்து நிமிடத்தைத் தாண்டியதால்தான் அது அகப்பட்டது. அதையும் எழுதினாள்.

டவுனில் ப்ராசஸர் வாங்கிய கடைக்குக் கைபேசியில் கேட்டாள். வீட்டில் பூட்டிய மெசினுக்குத் தாங்கள் ஒன்றும் சொல்லமுடியாது, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் பூட்டித் தருகிறோம் என்றார்கள். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினால் எது பிழை என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. மெசின் ஓடினால் மட்டும் போதாது. மெசின்தான் என்று நிச்சயமாக அவனிடம் சொல்லவேண்டும்.

ஞாயிறு காலையில் கிராபிக்ஸ் காட்டைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திகனக்குப் போனாள். லாபிர் நானாவின் கடை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, பாதணிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி இருந்தது. காட்டை விற்றபோது அவளே பூட்டப்போகிறாள் என்று கேட்டு இரண்டு தடவை திருப்பிக் கேட்டவர் அவர். இப்போது அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காட்டைத் தன் மெசினில் போட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டார். அவளுக்குப் பிளேன்டீ வந்தது. காட்டில் ஒரு குறையும் இல்லை.

"காட் சுகமா ஈக்குது," என்றார் லாபிர். "வேறெங்கயோதான் ஈக்குது பிழ. நீங்க மெசினக் கொண்டாங்களேன், நான் பாத்துத் தாறன்."

தானே பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. அவளுடைய கொப்பியை வாங்கி இரண்டு வரியையும் வாசித்தார். பிறகு ஒரு பென்டிரைவில் எதையோ ஏற்றிக் கொடுத்தார். அதைப் போட்டால் விளையாடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரியும், விநாடிக்கு எத்தனை படம் வருகிறது, எந்தப் பகுதி எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று. "பிழ எங்கன்டு கண்டா எனக்கும் செல்லுங்க பாஸ்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவள் காட்டைச் சுற்றிக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்கிற அளவுக்கு உற்சாகத்தோடு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை போயா. இருவரும் காலைச் சாப்பாட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். வளைவு வரைக்கும் வண்டியைக் கொண்டுபோக அவளால் முடியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் கணேஸ்தான் ஓட்டவேண்டும். ஹுன்னஸ்கிரியவில் எடுத்து வளைவு வரை, ஒரு பயணம் பதினைந்து நிமிடம். முதல் பயணத்துக்கு முன் படத்தின் தரத்தைக் குறைத்தாள். மூன்றாம் வளைவில் நின்றது. தரத்தைப் பழையபடி வைத்துவிட்டு, ரெம் நினைவகப் பலகைகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டாள். மூன்றாம் வளைவு. திரைக்குப் போகிற கம்பியை மாற்றினாள். மூன்றாம் வளைவு. ஒவ்வொரு தடவையும் பஸ் மதிலில் ஏறியது, அவள் எழுதினாள். ஆனால் கணேஸ் இப்போது கையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. படம் நிற்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவனுக்குத் தெரிந்தது. "இப்ப," என்பான். சொல்லி வாய் மூடுமுன் நிற்கும். வண்டி சத்தம் மாறுவதை வைத்துக் கோளாறைச் சொல்கிறவன் அவன். நான்காம் பயணத்தில் அவள் எண்களை மட்டும் பார்த்தாள். மலை ஏற ஏற ப்ராசஸரின் சூடு எண்பது, தொண்ணூறு என்று ஏறி, இரண்டாம் வளைவில் நூறைத் தொட்டு, மூன்றாவதிலும் அங்கேயே நின்றது. "இப்ப," என்றான் கணேஸ். அதே கணம் வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. விநாடிக்கு அறுபது படம் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒன்பது வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெசின் தானே தன் வேகத்தை அமர்த்திக்கொண்டிருந்தது.

அவள் மெசின் பெட்டியான கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி, படுக்கை அறையிலிருந்த பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து உள்ளே காற்றடிக்கும்படி வைத்தாள். ஐந்தாவது பயணம். மூன்றாம் வளைவைத் தாண்டியது. நான்கும் தாண்டியது. ஐந்தாவதில்தான் நின்றது. கணேஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். "சூடு" என்று கொப்பியில் எழுதி அவள் இரண்டு கோடு போட்டாள்.

மெசினை அணைத்து, ஆறவிட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ப்ராசஸரின் மேல் அதைக் குளிராக்குகிற கூலர் உட்கார்ந்திருந்தது. சின்ன மின்விசிறியும் அதன் கீழே அலுமினிய வட்டமுமாக, நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போட்டில் பூட்டியிருக்கும் பொருள். ஒவ்வொரு காலையும் விரலால் அசைத்துப் பார்த்தாள். முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. நான்காவது ஆடியது. மேலிருந்து பார்த்தால் மற்ற மூன்றைப் போலவே இருந்தது. விரல் வைத்தால்தான் தெரிந்தது. கழற்றிப் பார்த்தாள். அடியில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பசை ஒரு பக்கம் நன்றாக அழுந்திப் பரவியிருந்தது. மற்றப் பக்கம் பூசியபடியே கிடந்தது. அந்த மூலை ப்ராசஸரை ஒழுங்காகத் தொட்டிருக்கவில்லை.

பூட்டிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூலரை அழுத்தும்போது மதர்போட் வளைந்தது. தையல் மெசின் இரும்பு. எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இது பிஸ்கட் மாதிரி இருந்தது. முறிந்துவிடுமோ என்று பயந்தாள். மூன்று தடவை டக் என்று கேட்டது. நான்காவதற்கும் கேட்டதாக நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு பிள்ளை இப்படி ஒரு திருகாணியை முடுக்காமல் விட்டால் அவள் விடமாட்டாள். கணேஸுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் பார்க்காமலே அந்தக் காலைப் பூட்டி, இனிச் சரி என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் வந்ததைக்கூட அவள் பிறகு அவனிடம் சொன்னாள்.

"இங்க பாருங்க," என்று கூலரைத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் பக்கம் தொடவே இல்ல. நாலாவது காலு பூட்டல. நான்தான் பூட்டாம விட்டிருக்கேன்."

அவன் அந்தப் பசையின் தடத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப என் தலையில ஒன்னுமில்ல."

"ஒங்க தலையில ஒன்னுமில்ல. என் கையிலதான்."

அவளுடைய இத்தனை வருட வேலையில் ஒரு பிழையை இவ்வளவு சந்தோசமாக அவள் ஒத்துக்கொண்டதில்லை. தன் பிழையைத் தானே தேடி, ஐந்து பயணத்தில், எழுதி வைத்துப் பிடித்திருக்கிறாள். டவுன் கடையில் கழற்றிப் பூட்டியிருந்தால் மெசின் ஓடியிருக்கும், இந்தத் தடத்தை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், அவனும் கடைசிவரை தன் கண்ணைச் சந்தேகித்துக்கொண்டே இருந்திருப்பான்.

பழைய பசையைத் துடைத்து, மெசினைப் பூட்டிய நாள் மீந்திருந்ததைப் புதிதாக இட்டாள். பலகை வளையுமே என்ற பயம் இன்னும் போகவில்லை. கேஸின் மற்றப் பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும்படி கணேஸிடம் சொன்னாள். வலது கை கேஸைப் பிடித்திருந்தது. மிச்சமிருந்தது இடது கைதான். அவன் இடது உள்ளங்கையை விரித்து, கூலருக்கு நேர் பின்னால், பலகையில் வைத்துத் தாங்கினான். அவள் குறுக்குக் குறுக்காக அழுத்தினாள். ஒன்று. அதற்கு எதிர்மூலை. மூன்று. நான்காவதில் கட்டைவிரலை வைத்து, மூச்சைப் பிடித்து, பயத்தைத் தாண்டி அழுத்தினாள். டக். அவளுக்குக் கேட்டது. அவன் அதற்குமுன்பே தலையை ஆட்டிவிட்டான். அந்தச் சத்தம் அவன் உள்ளங்கைக்குத்தான் முதலில் போனது.

மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மறந்துவிட்டிருந்தார்கள். ஆறாவது பயணம். மின்விசிறியைத் தள்ளி வைத்துவிட்டு, தகடுகளை மூடிவிட்டு அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். உடதும்பரவில் சூடு அறுபத்தாறு. வளைவு தொடங்கும்போது எழுபது. அங்கேயே நின்றது. மூன்றாம் வளைவு வந்தது. கணேஸ் "இப்ப" என்று சொல்லவில்லை. பஸ் திரும்பியது. பின்சக்கரம் காணின் ஓரத்தை ஒட்டி, தொடாமல் வந்தது. நான்காவது, ஐந்தாவது. மலை ஒரு பக்கமும் பள்ளம் மறுபக்கமும் மாறி மாறி வந்தன. அவன் தோள் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. ஏழாவதில் அவன் ஒரு முறை ஹோனை அடித்தான். எதிரே யாரும் இல்லை. அந்த இடத்தில் எப்போதும் அடிப்பானாம். அவள் எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தாள்.

பதினோராவது வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் மதிலில் நீளமாக உரசி நின்றது.

அவள் கண் உடனே திரையின் மூலைக்கு ஓடியது. எழுபத்தொன்று. அறுபது படம். ஒன்றும் மாறவில்லை. அவள் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்.

"மெசினப் பாக்காத. அது ஒழுங்கா ஓடுது. இது நான். செக்கன் கியரு விழப் பிந்திருச்சு."

இரண்டு வருடமாக அவன் இந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. குட்ஷெட்டில், வண்டிக்கு முன்னால் நின்று, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு நடத்துனரிடம் பேசுகிற குரல். எந்த இடத்தில் கை பிந்தியது, அடுத்த தடவை எந்தக் கம்பத்துக்கு முன்னால் கையை அனுப்பவேண்டும் என்று அவளுக்கு விளக்கினான். பிறகு பஸ்ஸைப் பின்னால் எடுத்தான். அதற்குக் கியர்க் குமிழைக் கீழே அமுக்கி இடது பக்கம் மேலே கொண்டுபோகவேண்டும். இரண்டு தடவை விழவில்லை. மூன்றாம் தடவை விழுந்தது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை.

வண்டி நேரானபோது கீழ் வளைவில் ஒரு லொறி திரும்பி மேலே வருவது தெரிந்தது. மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் நிற்கவேண்டும் என்று கணேஸ் சொன்னான். விளையாட்டு லொறிக்கு இதெல்லாம் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. அவன் பஸ்ஸை மலைப்பக்கம் ஒதுக்கி, விளக்கை ஒரு முறை அணைத்துப் போட்டான். லொறி இரைந்துகொண்டு, மிக மெதுவாக, அவர்களை நோக்கி ஏறியது. அதன் பின்னால் மஹியங்கனைச் சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. அவன் இடது கை கியர்க் குமிழின் மேல் தயாராக இருந்தது. கட்டைவிரலும் மூன்று விரல்களும் மூடியிருந்தன. சுண்டுவிரல் மட்டும் இன்னும் வெளியே நீண்டு, மெசினின் அதிர்வில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.